துவாயில் சுற்றிய பெட்டரி

உங்களில் யார் யார் ட்ரோன் பெட்டரியைக் கட்டிலில் வைத்து சார்ஜ் போடுகிறீர்கள் என்று நான் கேட்கப்போவதில்லை. கேட்டால் ஒருத்தரும் கை தூக்கமாட்டீர்கள். ஆனால் பின்வரிசையில் இரண்டு பேர் இப்போது ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டீர்களே, எனக்கு அது போதும்.

கலியாண வீடியோ எடுக்கிற வேலையில்தான் என் காலம் முழுக்கப் போனது. கண்டி டவுனில் ஒரு ஸ்டூடியோவில் எடிட்டிங் மேசையில் தொடங்கினேன். முஸ்லிம் வீட்டுக் கலியாணங்களில் பெண்கள் பக்கம் எடுக்க ஒரு பொம்பளை ஆள் வேண்டும் என்று கேட்டார்கள், அதனால் கெமரா என் கைக்கு வந்தது. பிறகு ட்ரோன் வந்தது. எங்கள் ஸ்டூடியோ ஆம்பிளைகள் அதைப் பலா மரத்தில் மாட்டினார்கள், தண்ணீர்த் தாங்கியில் மோதினார்கள், ஒரு தடவை மாப்பிள்ளையின் மாமாவுடைய தொப்பியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். கடைசியில் முதலாளி, "சாந்தி, நீ கொஞ்சம் பிடி" என்றார். கண்ணில் புரை விழுந்து வேலையை விடும்வரை பிடித்துக்கொண்டேதான் இருந்தேன்.

பறக்க விடுவதைப் பற்றி நான் உங்களுக்கு ஒன்றும் சொல்லப்போவதில்லை. அனுமதி எடுப்பது, காற்றுப் பார்ப்பது எல்லாம் உங்களுக்குத் தெரியும். தெரியாதவர்களுக்கும் தெரிந்த மாதிரி முகத்தை வைத்துக்கொள்ளத் தெரியும். நான் சொல்ல வந்தது ட்ரோன் பறக்காத நேரத்தைப் பற்றி. இந்த வேலையில் நான் உண்மையாகப் பயந்து நின்ற நேரம் ஒன்று உண்டு. அப்போது என் தலைக்கு மேலே ஒன்றும் பறக்கவில்லை. பெட்டரிகள் ஒரு வீட்டுக்குள்ளே, கட்டிலில் படுத்திருந்தன.

அதற்கு முன்னால் எங்கள் முதலாளியைப் பற்றி ஒரு வார்த்தை. பெயர் சொன்னால் கோபித்துக்கொள்வார். அவருக்கு ட்ரோன் விடத் தெரியாது, கற்றுக்கொள்ளவும் விருப்பமில்லை. ஆனால் பெட்டரி சார்ஜில் இருந்தால் பக்கத்தில் ஒரு கதிரையைப் போட்டு உட்கார்ந்துவிடுவார். ஸ்டூடியோவின் பின்பக்கம், சீமெந்துத் தரை, பக்கத்தில் மணல் வாளி, கையில் பேப்பர். ஒருநாள் மாத்தளையிலிருந்து ஒரு குடும்பம் கலியாணம் பேச வந்தது. பெரிய வேலை. முன்னால் வரச் சொல்லி நாங்கள் கூப்பிடுகிறோம், மனுசன் எழும்பவில்லை. வந்தவர்களைப் பின்பக்கத்துக்கு அழைத்து, மணல் வாளிக்குப் பக்கத்தில் வாங்கு போட்டு உட்கார வைத்தார். பெண்ணின் தகப்பனுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"என்ன சார், யாருக்கும் சுகமில்லையா?"

"இல்லங்க, பால் காயுது" என்றார் முதலாளி.

அவருடைய பாடம் முழுவதும் அவ்வளவுதான். பாலை அடுப்பில் வைத்துவிட்டுக் கடைக்குப் போவீர்களா? போனால் என்ன ஆகும் என்று உங்கள் வீட்டில் கேளுங்கள்.

நான் அதை வீட்டுக்குக் கொண்டுவந்தபோதுதான் சிக்கல் தொடங்கியது. எங்கள் வீடு அம்பிட்டியவில், சரிவில் ஒட்டிக்கொண்டு நிற்கிற சின்ன வீடு. முன்னறையில் வைத்தால் திரைச்சீலை. குசினியில் வைத்தால் கேஸ் சிலிண்டர். படுக்கையறையில் மர அலுமாரி, மெத்தை, என் கணவர், மூன்றும் எளிதில் பற்றக்கூடியவை. ஒரு பிளக் வயரைக் கையில் பிடித்துக்கொண்டு நான் வீடு முழுக்க நடந்ததைப் பார்த்து அவர் சொன்னார்:

"ஒரு பெட்டரிக்கு இவ்வளவு பார்த்து இடம் தேடுற. நம்ம கலியாணத்துக்கு இப்படிப் பார்த்தியா?"

"பார்த்திருந்தா இப்ப நீங்க இங்க இருந்து கேள்வி கேப்பீங்களா?" என்றேன்.

கடைசியில் பின்னால் உடுப்புத் துவைக்கிற இடத்தில், தகரத்துக்குக் கீழே, மழைச்சாரல் படாத ஒரு மூலையில் சீமெந்துத் திட்டு ஒன்று கிடைத்தது. சுற்றிவரத் துணியில்லை, மரமில்லை. அங்கே ஒரு கதிரை. பக்கத்தில் மணல் போட்ட ஒரு பழைய மண்சட்டி. சந்தேகமான பெட்டரி எதுவாக இருந்தாலும் அந்தச் சட்டிக்குத்தான் போகும். என் கணவர் அதற்கு 'ஆஸ்பத்திரி' என்று பெயர் வைத்தார். போன பெட்டரி ஒன்றும் குணமாகி வெளியே வரவில்லை என்பதையும் அவரே எல்லோரிடமும் சொல்லுவார்.

இனி நிஸ்தாரின் கதைக்கு வருகிறேன்.

நிஸ்தார் திகனக்காரன். இன்றைக்குச் சொந்த ஸ்டூடியோ, தாடியில் நரை. 'அவர்' என்று சொல்ல வேண்டும், ஆனால் எனக்கு வாய் வராது. இந்தக் கதையை உங்களுக்குச் சொல்லச் சொன்னவனும் அவன்தான். ட்ரோன் விடுவதில் என்னைவிடக் கெட்டிக்காரன். தேயிலை மலைக்கு மேலே ஒரு வளைவு எடுப்பான் பாருங்கள், பருந்து பார்த்தால் வெட்கப்படும். கை அவ்வளவு சுத்தம், தலைதான் கொஞ்சம் கனம். கெட்டிக்காரர்களுக்கு வருகிற நோய்தான் அது. உங்களில் சிலருக்கும் ஆரம்பித்திருக்கிறது.

குளிரில் பெட்டரி சோர்ந்துபோகும் என்று எங்கேயோ ஒரு வீடியோவில் பார்த்திருந்தான். அது உண்மைதான். நுவரெலியா பக்கம் விடியற்காலையில் பறக்கவிட்டவர்களுக்குத் தெரியும். ஆனால் நிஸ்தார் அந்தப் பாதி உண்மையைப் பிடித்துக்கொண்டு மீதியைத் தானே எழுதினான். பெட்டரியைக் குளித்துத் துடைக்கிற துவாயில் சுற்றி, மெத்தையில் வைத்து, மேலே தலையணையும் போட்டுச் சார்ஜ் பண்ணத் தொடங்கினான். பறந்து வந்த சூட்டோடு ஆறவும் விடாமல் அப்படியே சுற்றுவான். பிள்ளை பெற்றவள்கூடப் பிள்ளையை அப்படிப் போர்த்தமாட்டாள்.

"நிஸ்தார், சார்ஜ் ஏறும்போது அது தானாச் சுடும். அதுக்குக் காத்து வேணும்பா" என்பேன்.

"அக்கா, ஒங்கட அம்பிட்டிய வேற, எங்கட திகன வேற. எங்களுக்குக் குளிர்" என்பான். திகனவில் குளிராம். அங்கே மத்தியானம் நின்று பாருங்கள்.

நான் சொல்ல வந்த கலியாணத்துக்கு முந்திய வாரம் ஹந்தானை மலையில் ஒரு ஜோடியைப் படம் எடுக்கப் போனோம். திடீரென்று காற்றுத் திரும்பி ட்ரோன் பாறையில் இடித்தது. பெட்டரி கழன்று உருண்டு போய் ஒரு கல்லில் முட்டி நின்றது. எடுத்துப் பார்த்தேன். ஒரு பக்கம் லேசாக வீங்கியிருந்தது, இனிப்பாக ஒரு மணம் கையில் ஒட்டியது. "இதை ஆஸ்பத்திரிச் சட்டியில போடுவோம்" என்றேன். நிஸ்தார் அதை விரலால் அமுக்கிப் பார்த்தான். 'இருக்கு' என்பது அவர்கள் பேச்சில் 'ஈக்கி'.

"லேசா ஊதி ஈக்கி, அவ்வளவுதான். நானும்தான் ஊதி ஈக்கேன். என்னயும் சட்டியில போடுவீங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவன் பெட்டரியைப் பைக்குள் போட்டுக்கொண்டான். உங்களுக்குத் தொப்பை விழுந்தால் சட்டை மட்டும்தான் இறுகும். பெட்டரிக்குத் தொப்பை விழுந்தால் அதற்கு மேல் அதை நம்பக்கூடாது. இதைப் பிறகு அவனே எல்லோருக்கும் சொல்லத் தொடங்கினான்.

கலியாணம் அவனுடைய ராத்தாவின், அதாவது அக்காவின் மகளுக்கு. ஹஸ்னா என்று பெயர், மூத்த பிள்ளை. வீட்டுக் கலியாணம். முற்றத்தில் பந்தல், ஆம்பிளைகள் அங்கே. பெண்கள் வீட்டுக்குள்ளே. பின்னால் புரியாணி ஆக்குகிற அடுப்புகள். மாடி கட்டிக்கொண்டிருந்த வீடு என்பதால் பக்கத்தில் ஒரு மணல் குவியலும் தகரத்தால் மூடிக் கிடந்தது. பந்தலுக்கு லைட் போட வந்தவன் சுனில், பக்கத்து ஊர்ச் சிங்களப் பையன். அந்தத் தெருவில் யார் வீட்டில் விசேஷம் என்றாலும் அவன்தான் வயர் இழுப்பான். எல்லோருக்கும் பழக்கம்.

பெண்கள் பக்கம் நான், வெளியே நிஸ்தார். அவன் தாய்மாமனும்தான், ட்ரோன்காரனும்தான். ஒரு பெட்டரியை ட்ரோனில் போட்டுக்கொண்டு, மாப்பிள்ளை வருகிற ஊர்வலத்தை எடுக்க ரோட்டுக்குப் போயிருந்தான். மற்றவற்றை வீட்டுப் பின்னறையில் சார்ஜில் போட்டிருந்தான். அது ஹஸ்னாவின் அப்பாவுடைய அறை. அவர்கள் வழக்கில் அப்பா என்றால் பாட்டனார், தகப்பன் வாப்பா. இவர் ஹஸ்னாவின் வாப்பாவைப் பெற்றவர், நிஸ்தாரும் அவரை அப்பா என்றுதான் கூப்பிடுவான். பாட்டனாருக்கு ஒரு பக்கம் வாதம், காதும் சரியாகக் கேட்காது. சனம் நிறைந்தால் களைத்துப்போவார், சத்தமாக எதையாவது கேட்பார் என்று அவரை அன்றைக்கு அறையிலேயே படுக்க வைத்திருந்தார்கள். அந்த அறையில் இன்னொரு கட்டில் சும்மா கிடந்தது, பிளக்கும் பக்கத்தில் இருந்தது. நிஸ்தாருக்கு வேறென்ன வேண்டும்?

பிறகு நான் கேட்டேன், பார்க்க ஆளில்லாமல் ஏன் போட்டாய் என்று. "ஆள் வச்சிட்டுத்தானே போன? அப்பாகிட்ட செல்லிட்டுத்தான் போன" என்றான். காது கேளாத, எழும்ப முடியாத, அந்த நேரம் குறட்டை விட்டுக்கொண்டிருந்த ஒரு மனுசனைக் காவலுக்கு வைத்தவன் உலகத்தில் அவன் ஒருத்தன்தான்.

நான் ஹஸ்னாவை எடுத்துக்கொண்டிருந்தேன். கையில் மருதாணி, முகத்தில் பாதி அழுகை, பாதிச் சிரிப்பு. அப்போது ஒரு மணம் வந்தது. இனிப்பு மணம், பழுத்து அழுகப்போகிற பழத்தில் நகப்பூச்சைக் கலந்த மாதிரி. அறையில் நாலைந்து பெண்கள் நகம் பூசிக்கொண்டிருந்ததால் யாரும் கவனிக்கவில்லை. நான் பக்கத்தில் இருந்த போத்தலை எடுத்து மோந்து பார்த்தேன். அது வேறு மணம். ஹந்தானையில் பாறையடியில் எடுத்தபோது என் கையில் லேசாக ஒட்டியிருந்ததே, அந்த மணம்.

கெமராவை நடையில் தரையில் வைத்துவிட்டுப் பின்னறைக் கதவைத் திறந்தேன். கட்டிலில் துவாய் மூட்டை. அது மெல்ல உயர்ந்துகொண்டிருந்தது, உள்ளே யாரோ மூச்சு இழுக்கிற மாதிரி. இஸ்ஸென்று ஒரு சத்தம், கூடவே இழையாகப் புகை. பக்கத்துக் கட்டிலில் பாட்டனார் அமைதியாகத் தூங்குகிறார்.

இந்த இடத்தில் நீங்கள் என்ன செய்வீர்கள் என்று ஒரு தடவை நினைத்துப் பாருங்கள். கை அந்த மூட்டையைத்தான் தூக்கப் போகும். எனக்கும் அப்படித்தான் போனது. ஜன்னலால் வெளியே எறிந்துவிடலாம் போல இருந்தது. ஆனால் ஜன்னலுக்குக் கிராதி இருந்தது, மூட்டை எந்த நொடி வெடிக்கும் என்று தெரியாது, நான் கருகிக் கீழே விழுந்தால் அந்த மனுசனை யார் தூக்குவது? பிளக் சுவிட்ச் கதவுக்குப் பக்கத்தில் இருந்தது. அதை அணைத்தேன். மூட்டையைத் தொடவில்லை. "ராத்தா, இங்க வாங்க. அப்பாவைத் தூக்கணும்" என்று கூப்பிட்டேன்.

நிஸ்தாரின் ராத்தா ஓடிவந்தார். புகையைப் பார்த்ததும் அவர் கண் முதலில் போனது மூலையில் இருந்த அலுமாரிக்கு. மகளுடைய கூறைச்சேலை அதற்குள்தான்.

"சேல, சேல ஈக்கி."

"சேலைக்குக் காது கேக்குமா, கால் நடக்குமா? முதல்ல இவரு" என்றேன். உண்மையில் இவருக்கும் இரண்டும் இல்லை. அது பிறகுதான் எனக்கு உறைத்தது.

நாங்கள் அவரைத் தூக்கி ஒரு பிளாஸ்டிக் கதிரையில் வைத்தோம். விழித்துப் பார்த்தவர், "மாப்புள வந்துட்டாரா?" என்றார். வந்துகொண்டிருக்கிறார் என்றேன். "அப்ப கொஞ்சம் பொறுங்க, சாரத்த உடுத்திக்கறேன்" என்றார். ஒரு பக்கம் புகை கூரைக்கு ஏறுகிறது, இவர் ஒற்றைக் கையால் சாரத்தைச் சரிப்படுத்திக்கொண்டிருக்கிறார். கதிரையோடு இழுத்து வெளியே கொண்டுவந்தோம். நான் கதவை இழுத்துச் சாத்தியதும் உள்ளே பட்டாசு மாதிரி ஒரு சத்தம். கதவு இடுக்கில் வெளிச்சம் தெரிந்தது.

மெயின் சுவிட்சை அணைக்கச் சொன்னேன். பெண்களையெல்லாம் முன்பக்கத்தால் அனுப்பினோம். அந்த அறைக்குப் பின்முற்றத்துக்கும் ஒரு கதவு உண்டு. சத்தம் கேட்டு அந்த வழியால் முதலில் வந்தவன் சுனில், அவனுக்குப் பின்னால் புரியாணி ஆக்குகிறவர், கையில் சட்டி கிளறுகிற நீளத் துடுப்போடு. கதவைத் திறந்து, தலையைக் குனிந்து, துடுப்பாலும் ஒரு கம்பியாலும் மெத்தையைக் கொளுவி வெளியே இழுத்துப் போட்டார்கள். மணலை வாளி வாளியாகக் கொட்டினார்கள். நீங்களும் அப்படிச் செய்யுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். அந்தப் புகை நெஞ்சுக்கு ஆகாது. ஆளை எடுத்துவிட்டால் வீட்டை விட்டுவிடலாம். ஆனால் அவர்கள் செய்தார்கள், அதனால் நெருப்பு அறையைத் தாண்டவில்லை. சுனிலின் ஒரு கை புறங்கையில் சுட்டுப்போனது.

நெருப்பு அணைந்தது. நான் பயந்தது அதற்குப் பிறகுதான்.

திகனவில் ஒரு முஸ்லிம் வீட்டிலிருந்து கரும்புகை எழும்பினால் அங்கே உள்ள சனத்துக்கு மனதில் என்ன ஓடும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஊருக்கு ஒரு பழைய காயம் இருக்கிறது, முஸ்லிம்களின் கடைகளையும் வீடுகளையும் சிங்களக் கும்பல்கள் எரித்த காயம். பந்தலில் இருந்த ஆம்பிளைகள் எழும்பிவிட்டார்கள். தெருவில் கடைகள் பாதி மூடுகிற சத்தம் கேட்டது. பத்துப் பேர் கையில் போன். "யார் வச்ச?" என்று ஒருத்தர் கேட்டார். என்ன நடந்தது என்று கேட்கவில்லை, நெருப்பை யார் வைத்தது என்றுதான் கேட்டார்.

நிஸ்தார் ரோட்டிலிருந்து ஓடிவந்தான். மெத்தையைப் பார்த்தான், கறுத்த சுவரைப் பார்த்தான், எதிரே நின்ற தன் மச்சானைப் பார்த்தான். மச்சான் ஹாரிஸ் நானா, ஹஸ்னாவின் வாப்பா, மெல்லிசான குரலில் கேட்டார்: "என்ன நடந்த, நிஸ்தார்?"

"ஷோர்ட் ஆகி ஈக்கும் மச்சான். லைட்டுக்கு இழுத்த வயராக்கும்" என்றான்.

கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. வாயில் முதலில் வந்த பொய், அவ்வளவுதான். ஆனால் அது வாயை விட்டு வெளியே வந்த கணமே, பந்தலில் நின்ற தலைகள் ஒவ்வொன்றாகச் சுனில் பக்கம் திரும்பின. அவன் சுட்ட கையை வாளித் தண்ணீரில் வைத்துக்கொண்டு குந்தியிருந்தான். அவனுக்குத் தமிழ் கொஞ்சம் விளங்கும். என்னைப் பார்த்து, "அக்கே, மகே வெடக் நெமெயி" என்றான். என்னுடைய வேலை இல்லை அக்கா என்றான். சத்தம் வரவில்லை, உதடுதான் அசைந்தது.

நான் நிஸ்தாரின் சட்டைக் கையைப் பிடித்துப் பந்தல் கம்பத்துக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனேன்.

"வயர் இல்ல நிஸ்தார். உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்."

"அக்கா, கலியாண நாள். என்ட மருமகள்ட கலியாணம். மச்சான்ட மொகத்த எப்பிடிப் பாக்கிற?"

"இப்ப அது உன்னோட பொய். இன்னும் கொஞ்ச நேரம் விட்டா ஊரோட சொல்லாயிடும். அப்புறம் நீயே வந்து இல்லேன்னாலும் யாரும் நம்பமாட்டாங்க. அங்க பாரு, எத்தனை பேர் போன்ல பேசுறாங்கன்னு."

அவன் திரும்பிப் பார்த்தான். நேரே போய், பந்தலில் இருந்த மைக்கை எடுத்தான். மெயின் அணைத்திருந்ததால் அது வேலை செய்யவில்லை. அதை வைத்துவிட்டு ஒரு கதிரையில் ஏறி நின்றான்.

"அஸ்ஸலாமு அலைக்கும். எல்லாரும் கொஞ்சம் கேளுங்க. வெளியால இருந்து ஒருத்தரும் ஒண்டும் செய்யல்ல. வயரும் இல்ல, நான் முந்திச் சென்னது பொய். என்ட ட்ரோன் பெட்டரிதான் பத்தின. பழுதாப் போன பெட்டரி. நான்தான் அதத் துவாயில சுத்தி மெத்தையில வச்சிட்டுப் போன. நெருப்ப வெளிய இழுத்துப் போட்டது சுனில். போன் எடுத்தவங்க இன்னொருக்க எடுத்து இதையும் செல்லுங்க."

பின்னால் இருந்து ஒரு வயதான குரல், உண்மையாகவே விளங்காமல் கேட்டது:

"ஏன் மகன், அதத் துவாயில சுத்தின?"

"குளிருமெண்டு" என்றான் நிஸ்தார்.

அவ்வளவுதான். முதலில் ஒருத்தர் சிரித்தார், பிறகு பந்தல் முழுக்கச் சிரித்தது. பயந்தவர்கள் சிரிக்கிற சிரிப்பு, நிற்க நேரமெடுத்தது. போன்கள் மறுபடி காதுக்குப் போயின. "பெட்டரியாம், ட்ரோன் பெட்டரி, துவாயில சுத்தினாராம்" என்று ஒவ்வொருத்தரும் சொல்லுவது எனக்குக் கேட்டது. தெருவில் கடைத் தகரங்கள் மறுபடி ஏறின. ஹாரிஸ் நானா சுனிலிடம் போய்க் குந்தி, அவனுடைய கையைத் தண்ணீரிலிருந்து எடுத்துப் பார்த்தார். சிங்களத்தில் ஏதோ சொன்னார். பிறகு நிஸ்தாரைப் பார்த்து, "நிக்காஹ் முடியட்டும், ஒன்னோட பேச ஈக்கி" என்றார். ஆனால் அவர் குரலில் கோபத்தைவிட நிம்மதிதான் அதிகம் இருந்தது.

அன்றைக்குச் சுனில் டாக்டரிடம் போய்க் கட்டுப் போட்டுக்கொண்டு திரும்பி வந்தான், வரவைத்தார்கள். புரியாணிச் சவனை, எல்லோரும் சேர்ந்து உண்ணுகிற அந்தப் பெரிய தட்டைச் சுற்றி ஆறு பேர் உட்காரும்போது அவனை நடுவில் உட்கார வைத்தார்கள். இறைச்சியில் பெரிய துண்டுகளை அவன் பக்கம் தள்ளிக்கொண்டே இருந்தவன் நிஸ்தார். நிஸ்தாரின் பக்கம் யாரோ ஒரு துவாயைத் தள்ளினார்கள், குளிருமாம். அந்த நாள் முடியும்வரை அவனுக்குக் கிடைத்த துவாய்களைச் சேர்த்தால் ஒரு கடை போட்டிருக்கலாம்.

கூறைச்சேலைக்கு ஒன்றும் ஆகவில்லை. கொஞ்சம் புகை மணம். ஹஸ்னா அதையே உடுத்தாள்.

இப்போது பாட்டனார். அவருடைய அறை கறுத்துப்போய்க் கிடந்தது. வேறு எங்கே வைப்பது என்று ஒருத்தருக்கும் தெரியவில்லை. கதிரையோடு பந்தலுக்குக் கொண்டுபோய், வேறு இடமில்லாமல், மாப்பிள்ளைக்கு நேர் முன்னால் வைத்தார்கள். நான் ஜன்னலால் எடுத்துக்கொண்டிருந்தேன். நிக்காஹ் தொடங்கியது. ஹாரிஸ் நானா சொல்ல வேண்டியதைச் சொன்னார். மாப்பிள்ளை, பாவம், நெருப்பையும் பார்த்து, மாமனாரையும் பார்த்து நடுங்கிப்போயிருந்தவர், ஏற்றுக்கொண்டேன் என்று மெல்லிசாகச் சொன்னார்.

"கேக்கல்ல" என்றார் பாட்டனார்.

நிக்காஹ் நடத்திவைத்த மௌலவி மாப்பிள்ளையைப் பார்த்துத் தலையசைத்தார். மாப்பிள்ளை தொண்டையைச் செருமிக்கொண்டு இன்னொரு தடவை, தெரு முனைக்குக் கேட்கிற மாதிரிச் சொன்னார்.

"இப்ப கேட்ட" என்றார் பாட்டனார். அவருடைய நல்ல கை கண்ணைத் துடைத்தது.

அந்த வீடியோவில் ட்ரோன் காட்சி என்று சொல்ல ஊர்வலத்தின் பாதிதான் இருக்கிறது. அதை நினைத்து ஒருத்தரும் கவலைப்படவில்லை. மூட்டையில் பற்றாமல் தப்பிய பெட்டரிகளையும் ட்ரோனில் இருந்ததையும் அன்றைக்கு நான் பறக்கவிட விடவில்லை. எல்லாம் மணலில் இருந்தன. நல்லதா கெட்டதா என்று தெரியாத நேரத்தில் எல்லாவற்றையும் கெட்டது என்றே எடுங்கள். ஒரு காட்சி போனால் போகட்டும்.

சில நாட்களுக்குப் பிறகு எடிட் பண்ணின வீடியோவைக் காட்ட நானும் நிஸ்தாரும் அந்த வீட்டுக்குப் போனோம். சுவர் வெள்ளையடித்திருந்தது. மெத்தையும் புதிது, அதன் மேல் ஒரு துவாய்கூட இல்லை. பாட்டனார் கதிரையில் உட்கார்ந்து முழுக்கப் பார்த்தார். தன்னுடைய குரல் வந்த இடத்தில் நிறுத்தச் சொல்லி, மறுபடி போடச் சொல்லிப் பார்த்தார். பிறகு நிஸ்தாரைப் பக்கத்தில் கூப்பிட்டார். காது கேளாதவர் ரகசியம் சொல்லுகிற மாதிரி, வீடு முழுக்கக் கேட்கும்படி கேட்டார்:

"அந்தப் பெட்டரி எங்க வாங்கின?"

"ஏன் அப்பா?"

"இன்னொண்டு வாங்கி வை. சின்னவளுக்கும் கலியாணம் வருகுது. அது பத்தினாத்தான் என்னய வெளியால கொண்டு போவாங்க."

நிஸ்தார் சிரிக்க வாயைத் திறந்து, சிரிக்காமல் மூடிக்கொண்டான். வாசலில் நின்ற ஹாரிஸ் நானா உள்ளே வந்து, வாப்பாவின் கதிரைக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தார்.

"பெட்டரி வேணாம் வாப்பா" என்றார், இந்தத் தடவை அவருக்குக் கேட்கிற மாதிரி. "ஒங்கள நானே தூக்கிட்டுப் போறேன்."